முப்பத்தோரு கைநாட்டு

உக்காருங்க சார், உக்காருங்க. பையை மேல வைக்காதீங்க, மடியிலயே வச்சிக்கங்க. இந்தத் தடத்துல யாரையும் நம்ப முடியாது. என் பேரு கலியபெருமாள். ஊரு ஆலங்கொல்லை, பெட்டிக்கடை வச்சிருக்கேன். நீங்க? சரி, சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. நீங்க சப்ளை ஆபீசு ஆளு இல்லியே? எம்.பி. ஆபீசு? இல்லைன்னா சரி. ஷூ போட்டிருக்கீங்க, பையில பேப்பரு எட்டிப் பாக்குது, அதான் கேட்டேன். இப்பல்லாம் யாரு யாரை அனுப்புறாங்கன்னே தெரியல.

அங்க பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், ஊதாப் புடவை. அதான் எங்க அக்கா. தனபாக்கியம். கூடப் பொறந்த அக்கா. ரெண்டு பேரும் ஒரே ஸ்டாப்பிங்லதான் ஏறுனோம். அது முன் படியில ஏறிச்சி, நான் பின் படியில ஏறுனேன். நாப்பத்தி மூணு நாளா என்கிட்டப் பேசல. இப்ப அது எங்க போகுதுன்னா, டவுனுக்கு, எம்.பி. ஆபீசுக்கு. நான் எங்க போறேன்னு கேட்டீங்கன்னா, அது எங்க போகுதுன்னு பாக்கப் போறேன்.

சிரிக்காதீங்க. டவுனுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. மொத்தமும் சொல்றேன், தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறைச்சும் சொல்ல மாட்டேன்.

எங்க ஊரு முந்திரி ஊரு. பொம்பளைங்க பூரா கொட்டை உடைக்கிற வேலைதான். வறுத்த கொட்டையக் கல்லு மேல வச்சி, கட்டையால ஒரு தட்டு தட்டி, உள்ள இருக்கற பருப்பை முழுசா எடுக்கணும். ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு சார், பொல்லாத எண்ணெய். பட்ட எடம் வெந்துரும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பாங்க. அப்பவும் அஞ்சாறு வருசத்துல விரல் நுனி மழுங்கிரும். அக்கா முப்பது வருசமா உடைக்குது. அது விரலைத் தொட்டுப் பாத்தீங்கன்னா தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

இப்ப ரேஷன் கடையில விரல் வைக்கிற மிஷின் வச்சிட்டாங்க. மத்த வீட்ல புருசன் இருக்கான், புள்ள இருக்கு, அவங்க விரலை வச்சி வாங்கிடறாங்க. அவங்களும் வெளியூர் வேலைக்குப் போயிட்டா அந்த மாசம் திண்டாட்டந்தான். அக்கா கார்டுல அது ஒரே ஆளு. மாமா போயி ஆறு வருசம் ஆச்சி, கொழந்த குட்டி கெடையாது. விரல் எடுக்கலைன்னா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லி வாங்கலாம்னாங்க. கார்டுல இருக்கறது மாமா போன் நம்பரு. அந்த நம்பரு இப்ப எவன்கிட்ட இருக்கோ. கண்ணைக் காட்டுற மிஷின்னு ஒண்ணு இருக்காம், எங்க கடைக்கு அது வரவே இல்ல. பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் அரிசி கெடையாது.

என் வீடு பக்கத்து வீடுதான் சார். வந்து ஒரு வாய் சாப்புடுன்னா வராது. "எனக்குன்னு ஒரு கார்டு இருக்குது, அந்த அரிசி வரட்டும்"னு சொல்லிச்சி. கேவுரு கூழைக் குடிச்சிட்டு கொட்டை உடைக்கப் போயிடும். மாமா செத்தப்பகூட அது அப்படி அழுது நான் பாக்கல. மூணாவது மாசம் கடையிலேருந்து வெறும் பையோட வந்து வாசல்ல உக்காந்து அழுதுச்சி. "நான் நான் இல்லைன்னு அந்தப் பொட்டி சொல்லுது கலியா"ன்னு. கடையைச் சாத்திட்டு நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். அதை நான் மறைக்க மாட்டேன்.

அந்த நேரத்துலதான் எம்.பி. வந்தாரு. சம்பந்தமூர்த்தின்னு பேரு. எலக்சன் முடிஞ்சி ஒரு வருசம் கழிச்சி வர்றாரு. எலக்சன் முடிஞ்சப்புறம் ஒரு மனுசன் எதுக்கு சார் ஊருக்கு வரணும்? அப்பவே எனக்கு டவுட்டு. மாலை வேணாம்னுட்டாரு, அது ரெண்டாவது டவுட்டு. நேரா கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போயி, பொம்பளைங்களோட தரையில உக்காந்து, தானும் பத்துப் பன்னெண்டு கொட்டை உடைச்சாரு. சாம்பல் தொட மறந்துட்டாரு. மறுநாள் விரல் தோலு உரிஞ்சி போச்சின்னு என் போனுக்குப் படம் அனுப்புறாரு, "பாத்தீங்களா அண்ணே"ன்னு. அவரு விரலை எனக்கு எதுக்கு அனுப்பணும்?

அக்காவோட கைய வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. எங்க வீட்டு மோர் ரெண்டு சொம்பு குடிச்சாரு. "எழுதிக் குடுங்கண்ணே, பார்லிமெண்டுல கேக்கறேன்"னாரு.

எங்க ஊர்ல எழுதறது யாரு? நான்தான். மனுவா, கல்யாணப் பத்திரிகையா, பஞ்சாயத்துப் புகாரா, எல்லாம் என் கையெழுத்துதான். முத்து முத்தா இருக்கும். அன்னிக்கே எழுதுனேன். முப்பத்தோரு பொம்பளைங்க கைநாட்டு வச்சாங்க. கைநாட்டுன்னா வச்சிட்டு அப்படியே விட முடியாது சார், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்துலயே எழுதணும். 'இது இன்னார் மனைவி இன்னாரின் இடது கைப் பெருவிரல் ரேகை. இவரை எனக்குத் தெரியும்.' அதுக்குக் கீழ அவன் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் அந்த மை அந்த ஆளோடதுன்னு ஆகும். முப்பத்தோரு தடவை எழுதுனேன், மணிக்கட்டு வீங்கிப் போச்சி.

மொதல் கைநாட்டு அக்காவோடது. வெறும் மை சார். ஒரு கோடு இல்ல, ஒரு சுழி இல்ல. நாவப்பழத்தை நசுக்கி வச்ச மாதிரி இருந்துச்சி. அடுத்ததும் அப்படியே, அதுக்கு அடுத்ததும் அப்படியே. எம்.பி. அந்தத் தாளை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி ஒவ்வொண்ணா பாத்தாரு. அப்புறம், "இந்தப் பேப்பரே போதும்ண்ணே, இதுதான் சாட்சி"ன்னாரு. நல்லா மடிச்சி சட்டைப் பையில வச்சிக்கிட்டாரு. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு ரசீது? குடுக்கலியே.

இருங்க. திரும்பிப் பாக்குது. நம்மளைத்தான். இல்ல, நேரம் கேக்குது பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட.

எதுல விட்டேன்? ஆமா, போன். ஒரு மாசம் கழிச்சி அவரு ஆபீசுல இருக்கற பொண்ணு போன்ல அனுப்புது, "அண்ணே, நம்ம கேள்வி வந்துருச்சி, படிச்சிப் பாருங்க"ன்னு ஒரே சந்தோசமா. படிச்சேன். எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க. '(அ) ஆலங்கொல்லை கிராமத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் கைரேகை அழிந்துவிட்டதால் அவர்களுக்கு ரேஷன் பொருட்கள் மறுக்கப்படுகின்றன என்பது உண்மையா?'

உண்மையாவாம் சார்! கேட்டீங்களா?

கொட்டகையில உக்காந்து கண்ணால பாத்த மனுசன். கையப் புடிச்சிப் பாத்த மனுசன். எங்க வீட்டு மோரைக் குடிச்ச மனுசன். டெல்லிக்குப் போயி, அத்தனை பேருக்கு நடுவுல, 'உண்மையா'ன்னு கேக்கறாரு. அதோட விட்டாரா? '(ஆ) உண்மையெனில், அதன் விவரங்கள் என்ன?' (இ)யும் அதே மாதிரிதான். உண்மையெனிலாம். அப்ப பொய்யாவும் இருக்கலாம்னுதான அர்த்தம்? எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சி. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். "பார்லிமெண்டுல கேள்வின்னா அப்படித்தாண்ணே எழுதணும், அதுக்கு ஒரு முறை இருக்கு, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க"ங்குது. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்கன்னா, எல்லா எம்.பி.யும் அவங்கவங்க ஜனத்தைச் சந்தேகப்படறாங்கன்னுதான ஆவுது? போன் கட் ஆயிடுச்சி. டவர் போச்சின்னு அப்புறம் சொல்லிச்சி.

கடைக்கு வந்தவங்க ஒருத்தர் விடாம காட்டுனேன். பாத்தீங்களா, நம்ம கதிய. எல்லாருக்கும் கோவந்தான். அக்கா மட்டும் சாம்பல் கையோட நின்னு கேட்டுட்டு, "கேக்கட்டுமே கலியா. உண்மையான்னு கேட்டா ஆமாம்னு சொல்லிட்டுப் போறோம்"னுச்சி. வெள்ளந்தி சார் அது. அதுக்கு ஒலகம் தெரியாது.

அப்பத்தான் எனக்கு இன்னொண்ணு ஓடிச்சி. உண்மையான்னு கேட்டா என்னா பண்ணுவான்? விசாரிக்க ஆளு வருவான். ரேகை இல்லைன்னு நம்ம வாயாலயே ஒத்துக்கிட்டா? ரேகை இல்லாதவங்களுக்குக் கார்டு எதுக்குன்னு அடிச்சிட்டுப் போயிட்டான்னா? இப்ப அரிசிதான் வரல. அப்ப பேரே போயிரும். எம்.பி. திட்டமே அதானோன்னு ஒரு டவுட்டு. அக்காகிட்டயும் மத்தவங்ககிட்டயும் சொல்லி வச்சேன், "எவனாச்சும் ஜீப்புல வந்தா வாயத் தொறக்காதீங்க, கொல்லைப் பக்கம் போயிடுங்க, நான் பாத்துக்கறேன்."

சொன்ன மாதிரியே நாலாம் நாள் ஜீப் வந்துச்சி. நான் சொன்னா தப்பாது.

சப்ளை ஆபீசுலேருந்து சின்ன வயசு ஆபீசரு. நேரா என் கடைக்கு. "டெல்லியிலேருந்து கேட்டிருக்காங்க, நாளைக்குக் காலையில நான் ரிப்போர்ட் அனுப்பணும். அந்த லேடீஸைப் பாக்கணும்"னாரு. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க சார்னேன். எங்க மனுவோட நகலை எடுத்து என் முன்னாடி விரிச்சாரு. எம்.பி. சட்டைப் பையில வச்ச பேப்பரு இவரு கைக்கு எப்படி வந்துச்சி? யோசிச்சிப் பாருங்க. "முப்பத்தொண்ணும் ஒரே மாதிரி இருக்கே, ஒரே ஆளு வச்சதா? ஒவ்வொண்ணுக்கும் 'இவரை எனக்குத் தெரியும்'னு கையெழுத்துப் போட்டிருக்கறது நீங்கதான?"ன்னாரு.

கேஸு போடுவாங்க சார் அதுக்கெல்லாம். ஒருத்தனே முப்பத்தோரு கைநாட்டு வச்சான்னு எழுதுனா யாரு வந்து இல்லைன்னு சொல்லுவா? ரேகைய வச்சி நிரூபிக்கலாம்னா, ரேகைதான் இல்லியே!

அப்புறம் அவரு பேனா மூடியக் கழட்டிட்டு, சிரிச்ச மொகமா, "பயப்படாதீங்க. உண்மைன்னா உண்மைன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன்"ங்கறாரு. எந்த ஊர் ஆபீசராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சி. வலை விரிக்கிறாரு. நான் மாட்டுவேனா?

"அதெல்லாம் எல்லாருக்கும் ஒழுங்கா வருது சார். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு பேருக்கு மிஷின் எடுக்காது, அவ்வளவுதான்"னேன். "அப்ப இந்தக் கைநாட்டெல்லாம்?"னாரு. "எம்.பி. வந்த அன்னிக்கு ஒரே கூட்டம், யாரு யாரு வச்சாங்களோ எனக்குத் தெரியாது"ன்னேன். "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க"ன்னாரு. பாருங்க, திரும்பவும் தூண்டில். நான் அசையல. எழுதிக் குடுங்கன்னாரு, எழுதிக் குடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். ஜீப் போனப்புறம் ஒரு சோடாவ ஒடைச்சிக் குடிச்சேன். ஊரையே காப்பாத்துன மாதிரி இருந்துச்சி. எழுதத் தெரிஞ்ச மத்த ரெண்டு மூணு பேருகிட்டயும் சொல்லி வச்சேன், "இனிமே எவளுக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீங்க, கேஸாயிரும்"னு. நல்லதுக்குத்தான சொன்னேன்?

இருவது நாள் கழிச்சி எம்.பி. மறுபடி வந்தாரு. மொகம் செத்துப் போயிருந்துச்சி. அக்கா வாசல்லதான் நின்னாரு, எல்லாரும் கூடிட்டோம். பார்லிமெண்டுல மந்திரி குடுத்த பதிலைப் படிச்சாரு. '(அ) இல்லை.' அவ்வளவுதான். மிச்ச ரெண்டுக்கும், '(ஆ), (இ) கேள்வி எழவில்லை.' நான் சொல்லல? நம்மளை நம்பாம கேட்டா நம்பாத மாதிரிதான் பதில் வரும். "நீங்க உண்மையான்னு கேட்டீங்க, அவங்க இல்லைன்னுட்டாங்க. ஆரம்பத்துலயே உண்மைன்னு அடிச்சிச் சொல்லியிருக்கணும் சார்"னு மொகத்துக்கு நேரா கேட்டேன். அந்த மனுசன் என் பக்கம் திரும்பவே இல்ல. குத்தம் இருக்கறதாலதான திரும்பல?

அக்காதான் கேட்டுச்சி. "இல்லைன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

"விசாரணைக்கு வந்தப்ப ஊர்க்காரர் ஒருத்தர் எழுத்து மூலமா குடுத்திருக்காரும்மா"ன்னாரு எம்.பி. பேரு அவருக்குத் தெரியும் சார். ரிப்போர்ட்டுல இருக்குமே. ஆனா சொல்லல. ஏன் சொல்லல? அதுல என்னா உள்குத்துன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அக்கா என்னைப் பாத்துச்சி. "நம்ம ஊர்ல எழுதிக் குடுக்கறது யாரு?"ன்னுச்சி. சத்தமாகூட இல்ல. அவ்வளவுதான் சார். உள்ள போயிடுச்சி. அன்னியிலேருந்து பேச்சு இல்ல. என் சம்சாரம் சோறு போட்டு அனுப்புனா, மூடுன மூடி தொறக்காம அப்படியே திரும்பி வருது. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, நாப்பத்தி மூணு நாள். நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து சாப்புடறேன், அந்தப் பக்கம் அது கூழு காய்ச்சுற வாசனை வருது. எனக்குச் சோறு எறங்குமா? அதுக்காகத்தான் சார் அப்படிச் சொன்னேன், அது பேரு போயிறக் கூடாதுன்னுதான். அது ஏன் அதுக்குப் புரிய மாட்டேங்குது?

எம்.பி. விடல. அவரு ஆபீசுப் பொண்ணு மூலமா சொல்லி அனுப்பியிருக்காரு. அக்கா தன் வாக்குமூலத்தைக் கைநாட்டு வச்சி நேர்ல கொண்டாரட்டும், மந்திரி கையிலயே குடுத்து மறுபடி கேக்கறேன்னு. வாக்குமூலத்தை டைப் அடிச்சி அனுப்பியாச்சி. ஒரே ஒரு கண்டிசன். சாட்சிக் கையெழுத்து எம்.பி. ஆபீசு ஆளு போடக்கூடாதாம். போட்டா, இவங்களே ஜோடிச்சாங்கன்னு சொல்லிருவாங்களாம். வெளியாளுதான் போடணும். எங்க ஊர்ல யாரு போடுவா? அக்கா நாலு வீடு ஏறி எறங்கிச்சி. கேஸு வரும்னு எல்லாரும் கைய விரிச்சிட்டாங்க. என் வீட்டு வாசலை மட்டும் தாண்டித் தாண்டிப் போச்சி. நான் கடையில பேனாவ சட்டைப் பையிலயே வச்சிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேன். கேஸாவது ஒண்ணாவது. கேக்கணுமில்ல?

இப்ப சாட்சி இல்லாம வெறும் பேப்பரோட போகுது. அங்க போயி என்னா பண்ணும்? அந்தப் பொண்ணு என்னா எழுதி வாங்குமோ, எதுல மை தடவச் சொல்லுமோ. அதான் பின்னாடியே வந்தேன். மத்தபடி வேவு பாக்கறதுக்கில்ல.

அய்யய்யோ, எழுந்திரிச்சிருச்சி. ஸ்டாப்பிங் இன்னும் வரலியே. கம்பியப் புடிச்சிக்கிட்டு இங்கதான் சார் வருது. என்கிட்டதான். நாப்பத்தி மூணு நாள் கழிச்சி. நீங்க கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க. அக்கா, வா. இப்படி உக்காரு, நான் எழுந்திருக்கேன். என்னா வேணும், தண்ணியா?

என்னது? சாரையா கேக்கற?

சார், உங்களைத்தான் கேக்குது. உங்களுக்குத் தமிழ் எழுத வருமான்னு.

அக்கா, நான் இருக்கேன். பேப்பரக் குடு, நான் போடறேன். பேனா இருக்கு பாரு. இவரு யாருன்னே உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. பேரு கேட்டதுக்கு வாயத் தொறக்காத மனுசன். எதை நம்பி இவருகிட்ட நீட்டுற?

கேட்டீங்களா சார், என்னைப் பாக்காம உங்களைப் பாத்து என்னா சொல்லுதுன்னு? "தெரிஞ்சவங்க போட்ட கையெழுத்தைத்தான் பாத்துட்டனே சார், நீங்க போடுங்க"ங்குது.

சரி. போடுங்க.

மை டப்பா முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கு. என் கடையில வாங்குனது. அந்தா, வச்சிருச்சி. பாத்துக்கிட்டீங்களா, அதே நாவப்பழந்தான். ஒரு கோடு இல்ல. நான் கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லலைன்னு இப்பவாச்சும் தெரியுதா? இந்தாங்க என் பேனா. இந்தப் பக்கமா எழுதுங்க, வண்டி குலுங்குது, பையை அடியில வச்சிக்கங்க. 'இது காலஞ்சென்ற வீரப்பன் மனைவி தனபாக்கியத்தின் இடது கைப் பெருவிரல் ரேகை.' எழுதிட்டீங்களா? அடுத்த வரி, 'இவரை எனக்குத் தெரியும்.'

ஏன் நிறுத்திட்டீங்க? அதைப் போடலைன்னா செல்லாது சார். தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. வண்டி ஏறுனதுலேருந்து நான் வேற எதைச் சொல்லிட்டு வர்றேன்? அது விரல் தெரியும், கார்டு தெரியும், கூழு தெரியும், அது எவ்வளவு ரோசக்காரின்னு தெரியும். ஊர்ல இருக்கறவனுக்குக்கூட இவ்வளவு தெரியாது. எழுதுங்க. கீழ உங்க பேரு. ஆமா, உங்க பேரு, அட்ரஸு.

போட்டாச்சா? சரி. இனிமே அதுலேருந்து பின்வாங்க முடியாது பாத்துக்கங்க. நாளைக்கு ஒரு ஜீப் வரும். சிரிச்ச மொகமா ஒருத்தன் எறங்குவான். பேனா மூடியக் கழட்டிட்டு, இது உண்மையான்னு கேப்பான்.

ஆமாம்னு சொல்லிருங்க சார்.